பக்கத்து சீட்டு பிரேக்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர், அப்படித் திட்டு வாங்கியவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள். இந்த இரண்டிலும் சேராத ஒரே ஆள் மாஸ்டரின் மனைவிதான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, அந்த ஸ்கூலின் மாடியிலேயே குடித்தனம் நடத்தி, ஸ்டியரிங்கைத் துடைத்ததோடு சரி, பிடித்ததில்லை. ஊரார் என்னவோ அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் நாலு பேருக்குக் கியர் போடச் சொல்லிக் கொடுத்தவள் மாதிரி.

இது மாஸ்டரம்மாவின் கதை. மாஸ்டர் குறுக்கே குறுக்கே வருவார். அவர் சுபாவம் அது, நாம் ஒன்றும் செய்வதற்கில்லை.

வீட்டின் கீழே இருந்த ஒற்றை அறைதான் ஸ்கூல். இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, ஒரு போன், வெயில் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் ரோஸ் நிறமாகிப் போன டிராஃபிக் சின்னங்களின் படம். மாடிப்படிக் கைப்பிடியில் எப்போதும் கார் மிதியடிகள் காய்ந்துகொண்டிருக்கும். அந்த ஈர ரப்பர் வாசனையும் ஷூ பாலிஷ் வாசனையும் சேர்ந்து வந்தால், இன்றைக்கும் மாஸ்டரம்மாவுக்குக் காலை ஏழு மணி ஆகிவிட்டது போல ஒரு பரபரப்பு வந்துவிடும். யாரோ கீழே காத்துக்கொண்டிருப்பார்கள், டீ போட வேண்டும்.

டீ அவள் பொறுப்பு. போனும் அவள் பொறுப்பு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயந்துபோய் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அறுவை சிகிச்சை செய்கிற டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். கத்தி எடுத்தால் கை நடுங்காதவள், ரிவர்ஸ் கியர் என்றால் அழுதுவிடுவாள். வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பாங்க் மேனேஜர் ஒருவர் இருந்தார். "சார், வளைவு முடிஞ்சதும் சொல்லுங்க" என்பாராம். இவர்கள் எல்லாருக்கும் சர்க்கரை கூடுதலாகப் போட்டு டீ கொடுப்பாள். முதல் நாள் இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். என்றைக்கு ஒரு கையால் கப்பைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையைப் பிஸ்கட்டுக்கு நீட்டுகிறார்களோ, அன்றைக்கு மாஸ்டரம்மா மெதுவாகச் சொல்வாள்: "இவரை டெஸ்ட்டுக்கு அனுப்பலாம்." மாஸ்டர் சட்டை செய்யாதது போல இருப்பார். அடுத்த வாரம் அனுப்பிவிடுவார். அவள் சொல்லி அனுப்பியவர் யாரும் ஃபெயில் ஆனதில்லை. அதற்காக அவளுக்கு யாரும் மாலை போட்டதுமில்லை.

மாஸ்டரின் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. எல்லா டிரைவிங் ஸ்கூல் காரிலும் இருப்பதுதான். ஓட்டுகிறவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் மிதிக்க வேண்டும். மாஸ்டர் மிதித்து மிதித்து, அவருடைய வலது ஷூவின் அடிப்பாகம் மட்டும் தேய்ந்து போகும். செருப்புத் தைப்பவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "சார் என்ன, ஒத்தக் கால்லயே நடக்கறீங்களா?"

அந்தப் பிரேக் இல்லாமல் மாஸ்டர் எந்த வண்டியிலும் ஏற மாட்டார். "பிரேக் இல்லாத சீட்ல நான் உட்கார மாட்டேன்" என்பது அவர் வாக்கு. கல்யாணமோ கருமாதியோ, தன் காரில்தான் போவார். ஒரே ஒரு தடவை கதியில்லாமல் பஸ்ஸில் ஏறியபோது, டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு வழி நெடுகத் தரையை மிதித்திருக்கிறார். பாதி வழியில் டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, "பெரியவரே, ஒண்ணு நீங்க ஓட்டுங்க, இல்ல இறங்குங்க" என்றான். மாஸ்டர் இறங்கிவிட்டார். மாஸ்டரம்மாவும் பின்னாலேயே இறங்க வேண்டியதாயிற்று. வெயிலில் நடந்த அந்த நடையை அவள் இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க அவர் முயலவில்லை என்று சொன்னால் பாவம். கல்யாணமான புதிதில் ஊருக்கு வெளியே இருந்த பெரிய மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அவள் ஸ்டியரிங்கில், அவர் பக்கத்தில். பிரேக் போடலாம் என்று அவள் நினைப்பாள். அதற்குள் கார் நின்றிருக்கும். மறுபடி எடுப்பாள். எதிரே ஒரு காகம் உட்கார்ந்திருக்கும், பறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், கார் நின்றிருக்கும். கடைசியில் அவள் என்ஜினை அணைத்தாள்.

"நான் மிதிக்கறதுக்குள்ள நீங்களே மிதிச்சா, அப்புறம் நான் எதுக்கு இங்க?"

கேட்டுவிட்டு இறங்கி நடந்தாள். மாஸ்டர் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, காரை எடுத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். ஹார்ன் அடிக்கவில்லை, கூப்பிடவுமில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. முன்னால் புது மனைவி விறுவிறுவென்று, பின்னால் டிரைவிங் ஸ்கூல் கார் பூனை நடையில். இப்போது நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும். அன்றைக்கு வரவில்லை.

வருஷங்கள் ஓடின. மாஸ்டரின் கண் மங்கியது. ஓட்டவும் கூடாது, கற்றுக்கொடுக்கவும் கூடாது என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்கூலை மூடினார்கள். மற்ற கார்களை விற்றாயிற்று. மிகப் பழையதான அந்த வெள்ளைக் காரை மட்டும் விற்க மாஸ்டருக்கு மனசு வரவில்லை. இரண்டு பக்கமும் பிரேக்கோடு அது வாசலில் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊரில் இருந்த மாஸ்டரம்மாவின் அக்கா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போயிற்று. அதற்குப் பிறகு அக்காவின் உலகம் ஒரு கட்டில், ஒரு ஜன்னல் என்று ஆகிவிட்டது. அம்மா போன பிறகு மாஸ்டரம்மாவுக்குத் தலை பின்னிவிட்டதும், பள்ளிக்கூடத்துக்குக் கை பிடித்துக் கூட்டிப் போனதும் அந்த அக்காதான். போய்ப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். மாஸ்டரம்மாவின் முழங்காலோ பஸ் படிக்கட்டைப் பார்த்தாலே பேச ஆரம்பித்துவிடும்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். கடைத்தெரு முனையில் இருந்த போட்டி டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்த பெண் மாஸ்டரிடம் படித்தவள்தான். மாஸ்டரம்மா வந்து நின்றதைப் பார்த்து அவள் முகத்தில் ஈயாடவில்லை. "மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவார்ம்மா" என்றாள். "தெரிஞ்சாத்தானே" என்றாள் மாஸ்டரம்மா. வீட்டில் பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வந்தாள். மாஸ்டர் ஒருநாள் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் கேட்டார்: "உனக்கு இன்னும் எத்தனை பல்லுதான் பாக்கி இருக்கு?"

லைசென்ஸ் வந்ததும் அவர் முன்னால் வைத்தாள். பூதக்கண்ணாடியை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "போட்டோ நல்லாவே இல்ல" என்றார். பிறகு எழுந்து போய், பாலிஷ் போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு, படி இறங்கி, காரின் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான், சம்மதம் கிடைத்தாயிற்று. வாசலிலிருந்து காரை எடுக்க அவள் ரிவர்ஸ் கியர் போட வேண்டியிருந்தது. டாக்டரம்மா ஏன் அழுதாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதிலிருந்து வாரா வாரம் அக்கா வீடு. ஹார்ன் சத்தம் கேட்டதுமே ஜன்னலுக்குள்ளிருந்து "பாப்பா வந்துட்டா!" என்று குரல் வரும். நரைத்துப் போய், முழங்கால் தேய்ந்து போன பாப்பா இறங்கி உள்ளே போவாள். மாஸ்டர் முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பிடித்திருப்பார். அக்காவும் தங்கையும் செத்துப் போனவர்களையெல்லாம் எழுப்பி உட்கார வைத்துப் பேசுவார்கள். அந்தப் பகல்கள்தான் தன் வாழ்க்கையிலேயே அழகான பகல்கள் என்று மாஸ்டரம்மா நினைத்தாள். தானே ஓட்டிக்கொண்டு வந்தோம் என்பதும் அதில் சேர்த்திதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் ஒருநாள் கருகல் வாசனை வந்தது. சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்தால் வருமே, அந்த மாதிரி. கார் இழுக்கவும் இல்லை. பின்னால் வருகிறவர்கள் வேறு ஓயாமல் ஹார்ன் அடித்தார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை தெரியாது" என்றார் மாஸ்டர். அக்கா வீட்டு வாசலில் இறங்கி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால், அனல் அடித்தது.

அவர்களுடைய மெக்கானிக்கின் பெயரை யாரும் சொல்லி நாம் கேட்டதில்லை. 'காது' என்றால்தான் தெரியும். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். கொஞ்ச நேரம் கழித்து, "இதோ, இந்தப் பேரிங்" என்பான். அதுவாகத்தான் இருக்கும். ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து மாஸ்டரின் கார்களெல்லாம் அவன் கையில் வளர்ந்தவைதான். மாஸ்டரை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான். தனியாள், தனி ஒர்க்‌ஷாப். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான்: வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது கூட யாரும் வரக்கூடாது. "நீங்க பேசுவீங்க, வண்டி பேசறது எனக்குக் கேட்காது."

வாசனை என்றதும் பார்த்தான். பிரேக் லைனிங் தேய்ந்து கருகியிருந்தது. மாற்றினான். தனியாக ஓட்டிப் பார்த்தான். சுத்தம். அடுத்த வாரம் மறுபடி அதே வாசனை. பின்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது என்று யாரோ கத்திவிட்டுப் போனார்கள். அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதையும் மாற்றினான். மறுபடி வாசனை. சக்கரத்துக்குள் இருக்கிற சிலிண்டரை மாற்றினான். பிறகு, பிரேக்குக்கெல்லாம் தலையான பாகத்தைக் காட்டி, "மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்ணே" என்றான். தன்னைச் சொன்னது மாதிரி மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அதையும் மாற்றியாயிற்று. மறுபடியும் வாசனை.

மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"என்னடா, என் வண்டியை வச்சுத் தொழில் பழகறியா?"

"அண்ணே, நான் எடுத்துட்டுப் போனா நல்லாத்தான் ஓடுது..."

"அப்போ நான் பொய் சொல்றேனா? நல்லா இருக்கற சாமானையெல்லாம் கழட்டி மாத்தி, கண்ணு தெரியாத கிழவன்தானேன்னு நினைச்சுட்டே, இல்ல?"

காது கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவன் கண் கலங்கியதை மாஸ்டர் பார்க்கவில்லை, மாஸ்டரம்மா பார்த்தாள். "இனிமே நான் இந்த வாசலை மிதிச்சேன்னா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் காரில் ஏறிக்கொண்டார்.

பிறகு ஊருக்கு வெளியே புதிதாக வந்திருந்த பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். எல்லாம் கண்ணாடி. சோபா, மீன் தொட்டி, பொத்தானை அமுக்கினால் காபி. கழுத்தில் டை கட்டிய ஒருவன் காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாமே பழசு சார், முழுசா மாத்திடலாம்" என்றான். நாலு சக்கரத்திலும் உள்ளே இருந்ததையெல்லாம் மாற்றினான். காதாவது ஒவ்வொன்றாக மாற்றினான், இவன் ஒரேயடியாக. அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினால், அதே அனல், அதே கருகல்.

திரும்பப் போனபோது டைக்காரன் காரைப் பார்க்கவில்லை. மாஸ்டரம்மாவைப் பார்த்தான்.

"யார் சார் ஓட்டறது? மேடமா? அப்போ அதான் விஷயம். லேடீஸ், அதுவும் வயசானவங்க, பயத்துல காலை பிரேக் மேலயே வச்சுக்கிட்டு ஓட்டுவாங்க. வண்டியில தப்பு இல்ல சார்."

மாஸ்டரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிற மனுஷன், ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தாள். மாஸ்டர் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற வழியில், "காலை எடுத்து எடுத்து வையேன். புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற தப்புதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. என் கால்தான் போலிருக்கிறது, எனக்கே தெரியாமல் மிதிக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்து நினைத்து மருகினாள். நாளைக்கு நிஜமாகவே பிரேக் போடவேண்டிய இடத்தில் கால் என்ன செய்யும்? இந்த வயசில் இந்த ஆசை எதற்கு? உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நிற்பாள். வாரங்கள் போயின. அக்காவிடம் முழங்கால் வலி என்று சொன்னாள், கார் ரிப்பேர் என்று சொன்னாள். ஒருநாள் மத்தியானம் அக்காவே போன் செய்தாள்.

"பாப்பா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாடி?"

"ஐயோ, இல்லக்கா!"

"ஹார்ன் சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வேற எவனாவதுதான் போறான்."

போனை வைத்துவிட்டு மாஸ்டரம்மா கொஞ்ச நேரம் அழுதாள். மாஸ்டர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். அக்கா வீட்டுக்கு இல்லை. காதிடம் போவோம், அவன் வாயால் சொல்லட்டும். ஆமாம் அண்ணி, உங்க கால்தான் என்று அவன் சொல்லிவிட்டால் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டு, காரை யாருக்காவது தள்ளிவிடச் சொல்லிவிட்டு நடந்தே வந்துவிடுவது. காது பொய் சொல்ல மாட்டான்.

பக்கத்தில் ஆளில்லாமல் அவள் கார் ஓட்டியது அதுதான் முதல் தடவை. பயத்தில் சுற்றுப் பாதையில் போனாள். அந்தப் பழைய மைதானத்தைத் தாண்டினாள். இப்போது அங்கே வரிசையாக வீடுகள். எதிரே வந்த ஒரு வேனை ஓட்டியவன் கை தூக்கிக் கும்பிட்டான். மாஸ்டரிடம் படித்தவனாக இருக்கும். முன்பு டீ கொடுத்திருப்பாள். காலி சீட்டைப் பார்க்கும்போது, திட்டுவதற்காவது மனுஷன் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கொஞ்ச தூரம் போனதும்தான் கவனித்தாள். பிரேக் பெடல் கொஞ்சம் உயரமாக இருக்கிற மாதிரி இருந்தது. மிதித்தால் கெட்டியாக நின்றது. பின்னால் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. கார் சிறு பிள்ளை மாதிரி ஓடியது.

காது அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அண்ணி! தனியாவா வந்தீங்க? அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவருக்கென்ன, நல்லாத் தூங்கறார். தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் கால்தான் தப்பா? நான்தான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஓட்டறேனா?"

காது காரின் முன்பக்கம் போனான். குனிந்து முன் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். அந்தப் பக்கம் போய் அங்கேயும் வைத்தான். "பச்சத் தண்ணியா இருக்கு" என்றான். "எந்த வழியா வந்தீங்க?"

"சுத்து வழிதான். மைதானத்துப் பக்கமா."

"அவ்வளவு தூரமா?" அவன் நெற்றி சுருங்கியது. மெதுவாகப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து, தரையோடு தரையாகக் குந்தி, உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அந்தப் பெடலின் மேலிருந்த ரப்பரை விரலால் தடவினான்.

"அண்ணி, ஸ்கூல் மூடினப்புறம் இந்த ரப்பரை நான்தான் புதுசாப் போட்டேன். அண்ணன் ஆசைப்பட்டார்னு போட்டேன். கோடு கோடா இருந்துச்சு. இப்போ பாருங்க, மொழுமொழுன்னு தேஞ்சிருக்கு. யாரு மிதிச்சது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுகையில் போய் முடிந்தது. என் கால் இல்லை. ஐயோ, என் கால் இல்லை! காது தலையில் அடித்துக்கொண்டான். "ஓட்டிப் பாக்கறப்போ யாரும் வரக்கூடாதுன்னு நானே ஒரு சட்டம் போட்டு, நானே கெட்டேன் பாருங்க. அவரைப் பக்கத்துல வச்சு ஒரு ரவுண்டு போயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நல்ல சாமானையெல்லாம் கழட்டிப் போட்டேனே. அண்ணன் திட்டினதுல தப்பே இல்ல."

அழுது முடித்ததும் கோபம் வந்தது. மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாரே! நேராகப் போய் நாலு கேள்வி கேட்கலாம். காது கூட, "நான் வந்து சொல்லட்டுமா?" என்றான். மாஸ்டரம்மா கொஞ்ச நேரம் அந்தத் தேய்ந்த ரப்பரையே பார்த்தாள். அவர் தெரிந்து மிதிக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேர் பிள்ளைகள் அந்தக் காலால் வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்? கண் போய்விட்டது, ஸ்கூல் போய்விட்டது, கால் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சொன்னால் கூனிக் குறுகிப் போவார். பெடலை எடுத்துவிட்டால் அந்த சீட்டில் ஏற மாட்டார். அவரை வீட்டில் தனியாக விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போக அவளுக்கு மனசில்லை.

"கம்பியை மட்டும் கழட்டிடு தம்பி. பெடல் இருக்கட்டும்."

காது புரிந்துகொண்டான். அந்தப் பெடலை இந்தப் பெடலோடு சேர்க்கிற கம்பியைக் கழற்றிவிட்டு, மிதித்தால் பழையபடியே இருக்கட்டும் என்று ஒரு ஸ்பிரிங்கையும் வைத்தான்.

வீட்டுக்கு வந்து, "காதுகிட்ட காட்டினேன். ஏதோ ஒரு கம்பியாலதான் கோளாறாம். சரி பண்ணிட்டான்" என்றாள். அதில் பொய்யொன்றும் இல்லை. தனியாகவா போனாய் என்று மாஸ்டர் கேட்கவில்லை. "கம்பியா?" என்று மட்டும் கேட்டார். "அந்த டைக்காரன் வண்டியவே பிரிச்சான், ஒரு கம்பியப் பாக்கலியே" என்று சொல்லும்போது அவர் குரலில் சின்ன சந்தோஷம்.

அந்த வாரமே கிளம்பினார்கள். ஷூவெல்லாம் போட்டு வந்து உட்கார்ந்தார். தெரு முனையில் வளையும்போது அவர் கால் அழுந்துவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திருடி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டர் ஒரு தடவை இருமினார், அவ்வளவுதான். வாசனை இல்லை, ஹார்ன் இல்லை. அக்கா வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. எல்லாம் பழையபடி ஆயிற்று.

ஆனாலும் அவள் மனசில் ஒரு முள் இருந்தது. ஏமாற்றுகிறோமே என்று. போதாக்குறைக்கு, மாஸ்டர் சீக்கிரம் சீக்கிரமாக மூப்படைகிற மாதிரி தெரிந்தது. ஒருநாள் ஷூ போடாமல் செருப்போடு வந்து ஏறினார். "செருப்புப் போட்டவன் என் கார்ல ஏறக்கூடாது" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியவர்! கேட்டால், "குனிஞ்சு மாட்ட முடியல" என்றார். இன்னொரு நாள் பாதி வழியில் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற காரில் மாஸ்டர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. இவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே அன்றைக்கு ஓட்டினாள்.

அதற்கு அடுத்த வாரம். அக்கா ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. அதைத் தாண்டப் போன நேரத்தில், லாரிக்கு முன்னாலிருந்து ஓர் ஏணியின் நுனி ரோட்டுக்குள் நீண்டது. ஏணியைத் தோளில் வைத்திருந்த பெயிண்டர் அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான், எங்கேயோ பார்த்தபடி. மாஸ்டரம்மா நினைக்கவில்லை. கால் தானாகப் போய் மிதித்தது. கார் குலுங்கி நின்றது. ஏணி கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் அப்போதுதான் திரும்பிப் பார்த்து, "ஐயோ அம்மா!" என்றான்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. முதல் வேலையாகக் குனிந்து பக்கத்தில் கீழே பார்த்தாள். மாஸ்டரின் இரண்டு கால்களும் பெடலுக்குப் பக்கத்திலேயே இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சீட்டுக்கு அடியில் காலைப் பின்னிக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்க... நீங்க மிதிக்கலையா?"

"எதை? கம்பி இல்லாத பெடலையா?"

மாஸ்டரம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எப்போ தெரியும்?" என்றாள்.

"முதல் நாளே. நம்ம தெரு முனையில. என் கால்டி அது, அதுக்குத் தெரியாதா? ஸ்பிரிங் வேற வச்சிருக்கான், மடையன்." மாஸ்டர் முன்கண்ணாடி வழியாக ஏணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வாசனை நின்னுச்சா? அப்புறம்தான் புரிஞ்சுது, யாரு மிதிச்சதுன்னு. உன்னை அந்த டைக்காரன் முன்னாடி... சரி விடு. திரும்பி வர்றப்போ காது கடைப் பக்கமா போ. அவனை நான் பாக்கணும்."

"தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாம, வாரா வாரம் எப்படி ஏறி உட்கார்ந்தீங்க? பிரேக் இல்லாத சீட்ல உட்காரவே மாட்டீங்களே!"

மாஸ்டர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"பிரேக் இல்லன்னு யாரு சொன்னா? உன் பக்கம் இருக்கே."

மாஸ்டரம்மாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஏணியும் பெயிண்டரும் ரோடும் ஒன்றாகக் குழம்பின. தூக்கம் மூப்பு இல்லை, செருப்பு மூப்பு இல்லை. இத்தனை வாரமும் இந்த மனுஷன் கையையும் காலையும் கட்டிக்கொண்டு தன்னை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று நினைக்க நினைக்க, மைதானத்திலிருந்து கோபித்துக்கொண்டு நடந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பெயிண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனான். பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டு எடு" என்றார் மாஸ்டர், பழைய ஸ்கூல் குரலில். "அக்கா காத்துக்கிட்டிருப்பாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாள்.